இரண்டு படங்களுக்கு நடுவில்

(ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் பள்ளி மாணவர்களின் இரண்டு குறும்படங்களையும் இப்போது பார்த்தீர்கள். முதல் படம் 9 நிமிடம். இரண்டாவது 6 நிமிடம். இரண்டாவது முடிந்ததும் நன்றாகக் கைதட்டினீர்கள். ஆனால் வட்டார அளவில் பரிசு வாங்கியது முதல் படம்தான். சிலர் சிரிக்கிறீர்கள், சிரிக்கலாம். அந்தப் படத்தின் கதையை எழுதியது நான். 'இங்கே நில், இப்படித் திரும்பு, இப்போது அழு' என்று சொன்னது நான். இரவு 12 மணி வரை உட்கார்ந்து வெட்டி ஒட்டி, சோகமான புல்லாங்குழல் இசையைச் சேர்த்ததும் நான். கடைசியில் 'மாணவர்கள் உருவாக்கிய குறும்படம்' என்று எழுத்துப் போட்டதும் நானேதான்.

குறும்படம் எடுப்பது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் அறிவியல் ஆசிரியர். சிறு வயதில் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்ததோடு சரி, சினிமா படித்தவன் இல்லை. ஆகவே இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் கடந்த 14 மாதங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அந்த 14 மாதங்களில் நாங்கள் ஒரு படமும் எடுக்கவில்லை. பிள்ளைகள் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அப்போதுதான் நடந்தது. நான் கற்றுக்கொண்டதும் அப்போதுதான்.

வெளி மாவட்டங்களிலிருந்து வந்திருப்பவர்களுக்காக எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாமக்கல் மாவட்டத்தில், காவிரிக் கரையில், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம். விசைத்தறிதான் தொழில். தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிக்கூடம். 'டக்கட் டக்கட்' என்று பகலிலும் இரவிலும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்பா பகல் ஷிப்ட், அம்மா இரவு ஷிப்ட் என்று 12 மணி நேர வேலை பார்க்கும் வீடுகள் நிறைய. எங்கள் பிள்ளைகள் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள். புதிதாக வரும் ஆசிரியர்கள் மரியாதை இல்லாமல் கத்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடத் தொடங்கியபோது எங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. படம் பார்த்த பிள்ளைகள், "நாமளும் எடுக்கலாம் சார்" என்றார்கள். எனக்கும் ஆசை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கதை எழுதினேன். குடிகார அப்பா, படிக்க ஆசைப்படும் மகள், கடைசியில் அப்பா திருந்துகிறார். இந்தக் கதையை நீங்கள் எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அப்பாவாக நடித்தான். தள்ளாடி வருவது, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது, செருப்பைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்துவிடுவது எதையும் நான் சொல்லித்தரவில்லை. அப்படியே செய்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்துக் கைதட்டினார்கள். "எவ்வளவு இயல்பா நடிக்கிறான் பாருங்க" என்று சக ஆசிரியர்களிடம் நானே பெருமையாகச் சொன்னேன்.

காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குப் பிறகு படத்தைப் பள்ளி முழுவதற்கும் போட்டுக் காட்டினோம். மறுநாள் அவனுடைய அம்மா பள்ளி வாசலுக்கு வந்தார். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார், தலையெல்லாம் பஞ்சு. சத்தம் போடவில்லை. "ஏனுங்க சார், எங்கூட்டுக்காரரு நடக்கறதை ஊருக்கே காட்டோணுமுங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் நடிக்கவில்லை, தினமும் பார்த்ததைச் செய்து காட்டியிருக்கிறான். அதைத் தெருவே அடையாளம் கண்டுகொண்டது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்த 8 நாட்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் அதற்குள் படத்தைப் போட்டிக்கு அனுப்பியிருந்தேன். பரிசு அறிவித்தபோது மேடைக்கு நான்தான் போனேன். அவன் வரவில்லை.

பெயர்கள் எதையும் சொல்லப் போவதில்லை. ஒருமுறை செய்தது போதும்.

"அடுத்த படம் எப்ப சார்?" என்று தலைமையாசிரியர் கேட்டபோது, இந்த ஆண்டு வேண்டாம் அம்மா என்றேன். படம் எடுக்காமல் திரைப்பட மன்றம் நடத்த அனுமதி கேட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை கிடைத்தது. மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது விதி, அது இருக்கட்டும். என்னுடைய கைபேசி ஒன்று, தலைமையாசிரியர் கொடுத்த பழையது ஒன்று. இந்த இரண்டை வைத்துத்தான் எல்லாம் நடந்தது.

முதல் பயிற்சியை நான் கண்டுபிடிக்கவில்லை. 1895-இல் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 விநாடிதான். கேமராவை ஓரிடத்தில் நிறுத்திவிடுவார்கள். அசைக்க மாட்டார்கள், வெட்ட மாட்டார்கள். தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவார்கள், அவ்வளவுதான் படம். இதையே ஒரு பயிற்சியாகப் பிரான்சில் பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு நிமிடம், ஒரே இடம், அசையாத கேமரா. நாங்களும் அதையே செய்தோம். கதை வேண்டாம், நடிப்பு வேண்டாம், இசை வேண்டாம். வீட்டுக்குக் கைபேசியை முறைவைத்துக் கொடுத்தனுப்பினேன், பெற்றோரிடம் சொல்லிவிட்டுத்தான்.

முதல் மாதம் வந்தவை எல்லாம் நாய்க்குட்டியும் டீக்கடையும். பொறுமை போய்விட்டது எனக்கு. பிறகு ஒரு மாணவி கொண்டுவந்தாள். காலை 6 மணி, அவள் வீட்டு வாசல். கைபேசியைத் திண்ணையில் செங்கல்லுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள். அப்பா இரவு ஷிப்ட் முடிந்து வருகிறார். அம்மா பகல் ஷிப்டுக்குக் கிளம்புகிறார். வாசலில் இருவரும் எதிர்ப்படுகிறார்கள். அம்மா சாவியை நீட்டுகிறார், அப்பா வாங்கிக்கொண்டு காலி டிபன் கேரியரைக் கொடுக்கிறார். அம்மா அதை உள்ளே வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொண்டு போகிறார். ஒரு நிமிடம் முடிந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வகுப்பு அமைதியாக இருந்தது. ஒரு பையன் கேட்டான், "உங்க அப்பாவும் அம்மாவும் பேசிக்கவே மாட்டாங்களா?"

அவள் சாதாரணமாகச் சொன்னாள், "ஞாயித்துக்கெழமை பேசிக்குவாங்க."

என்னுடைய 9 நிமிடக் கதையை அன்று இரவு மறுபடி பார்த்தேன். முழுதாகப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகள் கேமராவை எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்கினார்கள். வாசலுக்கு வெளியே வைத்தால் என்ன தெரியும், உள்ளே வைத்தால் என்ன மறையும் என்று சண்டையே நடந்தது. இது தமிழ் வகுப்பிலும் எட்டிப்பார்த்தது. எங்கள் தமிழாசிரியர் ஒரு நாள் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். 'பாட்டி மிகவும் வருத்தமாக இருந்தார்' என்று எழுதிய மாணவி அதை அடித்துவிட்டு, 'பாட்டி காபியைக் குடிக்காமல் ஆற விட்டார்' என்று எழுதியிருந்தாள். வருத்தத்தைப் படம் பிடிக்க முடியாது, ஆறிப்போன காபியைப் பிடிக்கலாம். நான் இதைச் சொல்லித்தரவில்லை. கேமராவோடு அலைந்ததில் தானாக வந்தது.

அடுத்தது ஒலி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், அறிவியல் ஆசிரியர் என்பதால் மன்னிக்க வேண்டும்.

எங்கள் முதல் படத்தில் வசனம் கேட்கவே கேட்காது. தறிச் சத்தம். அதை மறைக்கத்தான் புல்லாங்குழல். ஏன் கேட்கவில்லை என்ற கேள்வியை வகுப்பில் போட்டேன். கைபேசிச் செயலி ஒன்றில் ஒலியை அளந்தோம். துல்லியமான கருவி இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வகுப்பறையில் சாதாரணப் பேச்சு 60 டெசிபலை ஒட்டி வந்தது. தறிக்கூட வாசலில் 90-ஐத் தாண்டியது. 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்கு என்றால், 30 டெசிபலுக்கு எத்தனை மடங்கு? ஆயிரம் மடங்கு. ஆயிரம் பேர் பேசும் இடத்தில் ஒருவன் பேசுவது போல என்று ஒரு மாணவி சொன்னாள். ஒலிப் பாடத்தை இத்தனை ஆண்டுகளாக நடத்துகிறேன், இந்த உதாரணம் எனக்குத் தோன்றியதில்லை.

சரி, என்ன செய்வது? தறியை நிறுத்தச் சொல்ல முடியாது, அது கூலி. மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 2 மீட்டரில் இருந்த கைபேசியை 1 மீட்டர், அரை மீட்டர், கால் மீட்டர் என்று நெருக்கினால் 18 டெசிபல் லாபம். ஆனால் படம் எடுக்கும் கைபேசியை முகத்துக்கு அவ்வளவு அருகில் கொண்டுபோக முடியாதே. அதனால் இரண்டாவது கைபேசியைப் பேசுபவரின் சட்டைப் பையில் வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்தோம். பிறகு படத்தையும் ஒலியையும் எப்படிச் சேர்ப்பது? சினிமாவில் 'க்ளாப்' அடிக்கிறார்களே, அது எதற்கு என்று அன்றுதான் பிள்ளைகளுக்குப் புரிந்தது. இரண்டு கைகளும் சேரும் படச்சட்டத்தையும், ஒலிக்கோட்டில் 'டப்' என்று எழும் முள்ளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் முடிந்தது.

இதிலிருந்து ஒரு பரிசோதனை கிளைத்தது. உங்கள் பள்ளியிலும் செய்து பார்க்கலாம், செலவே இல்லை. மைதானத்தில் 100 மீட்டர் ஓட்டப் பாதையின் ஒரு முனையில் ஒரு மாணவன் தட்டைக் கரண்டியால் அடிக்கிறான். மறுமுனையிலிருந்து கைபேசியில் பெரிதாக்கி எடுக்கிறோம். விநாடிக்கு 30 படச்சட்டங்கள். கரண்டி தட்டைத் தொடும் சட்டத்திலிருந்து, ஒலி எழும் சட்டம் வரை எண்ண வேண்டும். 9 சட்டம் வந்தது. 9-ஐ 30-ஆல் வகுத்தால் 0.3 விநாடி. 100 மீட்டரை 0.3-ஆல் வகுத்தால் விநாடிக்கு 333 மீட்டர். புத்தகத்தில் 340-ஐ ஒட்டி இருப்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியர் வெளியே வந்துவிட்டார். ஒரு குறிப்பு: கைபேசியிலேயே ஒலி கொஞ்சம் முன்பின் பதிவாகலாம். முதலில் 2 மீட்டர் தூரத்தில் அடித்துப் பார்த்து, அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் செய்தோம்.

இந்த ஒலி வேலையில்தான் அந்தப் பையன் திரும்பி வந்தான். பள்ளிக்கு வரத் தொடங்கியிருந்தானே தவிர, மன்றத்துக்கு வருவதில்லை. நான் கூப்பிடவும் இல்லை, கூப்பிடும் தைரியம் எனக்கில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். உள்ளே பிள்ளைகள் பதிவு செய்துவந்த தறிச் சத்தத்தைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை தறி ஓடுகிறது என்று ஒரு போட்டி. ஆளுக்கு ஓர் எண் சொன்னார்கள். அவன் வெளியிலிருந்தே, "எட்டுல ஏழுதான் ஓடுது. ஒண்ணு நின்னுருச்சு" என்றான். பதிவு செய்த மாணவியிடம் கேட்டோம். எட்டுத் தறிக்கூடம். நூல் அறுந்து ஒன்று நின்றிருந்தது.

எப்படிடா தெரிந்தது என்று கேட்டேன். தறிக்கூடத்தில்தான் தொட்டில் கட்டியிருந்தார்களாம். கண்ணை மூடிக்கொண்டே எந்தத் தறி நின்றது, நாடா சரியாகப் பாயவில்லையா என்று சொல்லிவிடுவானாம். அறிவியலில் அவன் 35-ஐத் தாண்ட முட்டிக்கொண்டிருந்தவன். ஒலியைப் பற்றி வகுப்பில் அதிகம் தெரிந்தவன் அவன்தான் என்பது எனக்கு இரண்டு ஆண்டுகள் தெரியாமலிருந்தது.

"கேமரா முன்னாடி வரமாட்டேன் சார்" என்றான். சரி என்றேன். இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டான். இரண்டாவது படத்தின் ஒலி முழுவதும் அவனுடையது.

மூன்றாவது, அனுமதி கேட்பது. இதற்குத்தான் அதிகக் காலம் பிடித்தது. என் தவறைப் பிள்ளைகளிடம் வகுப்பில் சொன்னேன், அவன் இல்லாத ஒரு நாளில், அவன் பெயரைச் சொல்லாமல். யாரைப் பற்றிச் சொல்லுகிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. பிறகு அவர்களே உட்கார்ந்து ஒரு துண்டுச்சீட்டு எழுதினார்கள். என்ன எடுக்கிறோம், எங்கே காட்டுவோம், யார் பார்ப்பார்கள் என்று அதில் இருக்கும். கடைசி வரியை ஒரு மாணவி சேர்த்தாள்: 'எடுத்து முடித்த பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம்.' எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. அப்படிச் சொன்னால் உழைப்பெல்லாம் வீணாகிவிடுமே என்றேன். "நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள். வரி இருந்தது.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுப் பழகினார்கள். மூன்று பேர் மறுத்தார்கள். ஒரு தறிப்பட்டறை முதலாளி, "வேண்டாங் கண்ணு, நாளைக்கு யாராச்சும் வந்து கேள்வி கேப்பாங்க" என்று அனுப்பிவிட்டார். மறுப்பு கேட்டுத் திரும்பி வருவதும், அவர் மேல் கோபப்படாமல் அடுத்த கதவைத் தட்டுவதும் பெரியவர்களுக்கே கடினம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பெரியவர்களிடம் பேசவே பயப்படுபவள், "நன்றிங்கய்யா, படம் முடிஞ்சதும் பாக்க வாங்க" என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

வேறு பயிற்சிகளும் உண்டு. ருஷ்யாவில் குலெஷோவ் என்பவர் செய்த சோதனையைச் செய்து பார்த்தோம். உணர்ச்சி காட்டாத ஒரே முகம். அதற்குப் பின்னால் ஒருமுறை சோற்றுத்தட்டு, ஒருமுறை காலியான தொட்டில். பார்ப்பவர் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் பார்ப்பார். 'இப்போது அழு' என்று நான் கத்தியது எவ்வளவு தேவையற்றது என்று புரிந்தது. லாமொரிஸ் 1956-இல் எடுத்த 'சிவப்பு பலூன்' படத்தை, 34 நிமிடம், வசனங்களை எண்ணிக்கொண்டே பார்த்தோம். பிள்ளைகள் எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டார்கள், படத்துக்குள் போய்விட்டார்கள். சார்ஜ் இருக்கிறதா, நினைவகம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மாணவன் பொறுப்பேற்றான். அது ஒரு மாலை முழுவதும் எடுத்தது பதிவாகாமல் போன பிறகு வந்த ஞானம்.

நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. 'இப்படிப் பிடி, அப்படி வை' என்று நான் சொல்லும்போதெல்லாம் கரும்பலகை ஓரத்தில் ஒரு கோடு போடச் சொன்னேன். முதல் வெள்ளிக்கிழமை 23 கோடு. பிள்ளைகளுக்கு அது பாடத்தைவிடப் பிடித்துப்போயிற்று. நான் வாயைத் திறந்தாலே சாக்பீஸை எடுத்துவிடுவார்கள். ஆண்டு முடிவில் நான்கைந்தாகக் குறைந்தது, பூஜ்ஜியம் ஆகவில்லை.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. படத்தொகுப்பை இரண்டு பையன்களே பிடித்துக்கொண்டார்கள். கணினியில் வேகமாக இருக்கிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன், அது என் சோம்பல். பெண் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் கைபேசியைத் தொட அனுமதியில்லை. மாலை 6 மணிக்கு மேல் வெளியே அனுப்ப மாட்டார்கள். ஆகவே பையன்கள் வீட்டில் பழகிக்கொண்டு வருவார்கள், இவர்களுக்கு வெள்ளிக்கிழமை 40 நிமிடம்தான். மதிய உணவு இடைவேளையில் பெண்களுக்கு மட்டும் கணினி என்று வைத்தேன். பாதி சரியானது. பத்தாம் வகுப்பு வந்ததும் பெற்றோர் மன்றத்துக்கு அனுப்ப மாட்டார்கள். அவர்கள் பயத்தையும் குறை சொல்ல முடியாது. எனவே ஒன்பதாம் வகுப்பு எட்டாம் வகுப்புக்குச் சொல்லித்தருவது என்று ஏற்பாடு.

2024 பிப்ரவரியில் பிள்ளைகளே வந்து சொன்னார்கள், "சார், இப்ப ஒண்ணு எடுக்கலாம்." மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்திருந்தது. அந்த ஒரு நாளை எடுக்க வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையும்தானே தறி நிற்கும் என்று கேட்டேன். அந்தப் பையன் சொன்னான், "ஞாயித்துக்கெழமை எல்லா வீட்லயும் டிவி ஓடும் சார். இது வேற."

அது வேறாகத்தான் இருந்தது. நீங்களே பார்த்தீர்கள். 9 மணிக்குத் தெரு முழுவதும் ஒரே விநாடியில் அடங்குகிறது. தொட்டிலில் தூங்கிய குழந்தை, சத்தம் நின்றதால் விழித்துக்கொண்டு அழுகிறது. ஒரு பாட்டி வெளியே வந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்கிறார். இரவு ஷிப்ட் பார்த்தவர் திண்ணையில் வாய் பிளந்து தூங்குகிறார். நெய்த மீட்டருக்குத்தான் கூலி, எனவே பகல் ஷிப்டில் இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். மொத்தம் நான்கு வரி வசனம். புல்லாங்குழல் இல்லை.

படத்தை முதலில் தெருவில்தான் காட்டினோம், படத்தில் இருப்பவர்களுக்கு. ஒரு வீட்டுச் சுவரில், இரவல் வாங்கிய புரொஜெக்டரில். ஒரு பெரியவர் மட்டும், "அந்தக் கணக்கு நோட்டைப் பாக்கற எடத்துல நான் வர்றேனுங்கல்ல, அதை எடுத்துருங்க" என்றார். முன்பணக் கடன் எழுதிய நோட்டு அது. அவருடைய விரல் ஒவ்வொரு வரியாக இறங்கும். படத்தில் மிக நல்ல காட்சி அதுதான். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஐயா, முகம் தெரியவில்லை, விரல் மட்டும்தானே என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் துண்டுச்சீட்டில் கடைசி வரியைச் சேர்த்த அதே மாணவி, "சரிங்க தாத்தா, எடுத்துடறோம்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அழித்துவிட்டார்கள். பிரதிகூட வைக்கவில்லை. தேநீர் இடைவேளையில் ஒருவர், 4-ஆவது நிமிடத்தில் படம் கொஞ்சம் தாவுகிறதே என்று கேட்டீர்கள். காரணம் இதுதான்.

படத்தின் கடைசியில் கறுப்புத் திரையில் தறிகள் ஒவ்வொன்றாக உயிர்பெறும் சத்தம் கேட்டீர்கள் அல்லவா? அதில் முதலில் கிளம்புவது அந்தப் பையனுடைய அப்பா ஓட்டும் தறி. அவரிடம் சீட்டைக் கொடுத்து, கேட்டுத்தான் பதிவு செய்தான். முகம் வேண்டாம், சத்தம் மட்டும் எடுத்துக்கொள் என்றாராம். அன்று தெருவுக்கு வந்திருந்தார். பின்னால் மின்கம்பத்தை ஒட்டி நின்று பார்த்தார். சத்தம் கிளம்பியதும் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. என்னிடம் பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும், இன்னும் பேசவில்லை.

இந்தப் படத்தைப் போட்டிக்கு அனுப்பலாமா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். படத்தில் இருப்பவர்களிடம் மறுபடி கேட்க வேண்டும், சீட்டில் பள்ளியும் தெருவும் ஆசிரியர் கூட்டமும் என்றுதானே எழுதியிருக்கிறோம் என்றார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு வீடு பாக்கி.

துண்டுச்சீட்டின் நகலும், 100 மீட்டர் பரிசோதனையின் குறிப்பும் கொண்டுவந்திருக்கிறேன், வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக் கேளுங்கள்.